புலம்பல் இல்லாத நாடகம்

பொம்மிடியைத் தாண்டி, மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஊரில், தவக்கால நாடகத்தை இருபது வருடங்களாக எழுதிவந்தவர் பிலோமினா. சிலுவையில் இறந்த மகனை மடியில் கிடத்தி மாதா புலம்பும் கட்டத்தில் ஊரே அழும்.

போன தை மாதம் பிலோமினாவின் ஒரே மகன் ஜெரால்டு, பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப்போன லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து இறந்துபோனான். இந்த வருடம் அவர் எழுதிக் கொடுத்த நோட்டில் புலம்பல் இல்லை.

"என்னங்கக்கா, மாதாவுக்கு வசனமே காணோம்?" என்று கேட்டாள், மாதாவாக நடிக்கும் சுபா.

"அன்னிக்கு எனக்கு ஒரு வார்த்தை வரலடி. அவன் தலையத் தடவிகிட்டே உக்காந்திருந்தேன். நீயும் அப்படியே உக்காரு."

பெரிய வெள்ளி மாலையில் சுபா அப்படியே உட்கார்ந்தாள். கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்தது. பிறகு யாரோ, "வசனம் மறந்துபோச்சா?" என்று கத்த, சிரிப்பு எழுந்தது. தவித்துப்போன சுபா, மனப்பாடமாயிருந்த பழைய புலம்பலையே சொல்லத் தொடங்கினாள். சிரித்தவர்கள் அழுதார்கள்.

திரைக்குப் பின்னால் நின்ற பிலோமினாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. தான் எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாகக் காதில் விழுந்தது. அதன்பின் அவர் எழுதவே இல்லை.