ஒன்பது மதியத் தூக்கங்கள்

அந்த ஓட்டலில் எல்லோரும் அவரை மடிப்பண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டில் விரிப்பின் மூலையை அவர் மடித்துச் செருகினால் அட்டைப் பெட்டியின் ஓரம் போல நிற்கும். வந்து தங்குகிறவர் இரண்டு ராத்திரி புரண்டு படுத்தாலும் கலையாது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பத்தொன்பது வருடம் அங்கே வேலை பார்த்தார். முதலில் அறை சுத்தம் செய்பவராக, கடைசி ஆறு வருடம் நான்காவது மாடிக்கு மேற்பார்வையாளராக. இருபத்திரண்டு அறைகள், மூன்று பணிப்பெண்கள், இரண்டு தள்ளுவண்டிகள், இடுப்பில் ஒரு சாவி. அந்த மாடியின் எல்லாக் கதவையும் அந்த ஒரு சாவி திறக்கும்.

வீட்டில் அவரும் மனைவியும்தான். ஒரே மகள் கல்யாணமாகி, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊரில் இருந்தாள். மகளுக்குப் பிரசவம் என்று மனைவி மூன்று மாதத்துக்குக் கிளம்பிப் போனாள். குழந்தைக்குச் சளி பிடித்தது, இன்னும் ஒரு மாதம். மகள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள், இன்னும் ஆறு மாதம். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. சண்டை என்று ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் "மக வீட்டுல இருக்கா" என்பார். கேட்டவர்களும் நல்ல சேதி கேட்ட மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

வீட்டில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலின் சுவர்ப்பக்கம் மனைவியின் இடம். துவைத்த துணியை அங்கே போட்டுவைக்க ஆரம்பித்தார். ஊருக்கெல்லாம் மடித்துக் கொடுத்த கைக்கு, சொந்தச் சட்டையை மடிக்க மனம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் குளிர்சாதனப் பெட்டி ஓடுவது கேட்கும். பிறகு அது நிற்பது கேட்கும். விடிகிற நேரத்தில் கொஞ்சம் கண் அசந்தால் உண்டு.

நானூற்றுப் பன்னிரண்டாம் எண் அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் சுவர்தான் தெரியும் என்பதால், வேறு எந்த அறையும் இல்லாதபோதுதான் அதை யாருக்காவது கொடுப்பார்கள். ஒரு நாள் மதியம் அந்த அறையைச் சரிபார்க்கப் போனவர், மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கட்டிலில் உட்கார்ந்தார். கண் விழித்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. அடித்துப் போட்டது மாதிரி தூங்கியிருந்தார். அங்கே யாருடைய இடம் என்று எதுவும் இல்லை. இரண்டு தலையணையில் எதில் வேண்டுமானாலும் தலையை வைக்கலாம்.

எழுந்தவர் விரிப்பு, உறை எல்லாவற்றையும் உருவி அழுக்கு மூட்டையில் போட்டுவிட்டு, புதிதாக ஒரு செட் எடுத்து விரித்தார். வெளியே வந்து கதவைப் பூட்டினார். இனி கூடாது என்று நினைத்தார். அடுத்த வாரம் மறுபடி போனார்.

ஒன்பதாவது தடவை மாட்டிக்கொண்டார். அன்று ஓட்டல் நிரம்பியிருந்தது. மேலாளர் ஒரு குடும்பத்தை அழைத்துவந்து, தன் கையாலேயே நானூற்றுப் பன்னிரண்டைத் திறந்துவிட்டார். முதலில் உள்ளே ஓடியது அவர்களுடைய சின்னப் பெண்.

"அப்பா, இங்க ஏற்கெனவே ஒருத்தர் தூங்கிட்டு இருக்காரு" என்றாள்.

கழற்றி வைத்த செருப்பு கட்டிலடியில் ஒழுங்காகச் சேர்ந்து நின்றது. மேலாளர் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கடிதம் கொடுத்தார்கள். பணி நேரத்தில் வாடிக்கையாளர் அறையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக நீக்கப்படுகிறார் என்று இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நான்காவது மாடிப் பெண்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட மேலே போகவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. வழக்கம்போலச் சாயங்காலம் அவள் போனில் கூப்பிடுவாள். "வேலை முடிஞ்சு வந்தாச்சா?" என்பாள். "இப்பதான் வந்தேன்" என்பார்.

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலை தேட ஆரம்பித்தார். முதலில் போன விடுதியில் முதலாளி காரணம் கேட்டபோது, "ரூம்ல தூங்கிட்டேன் சார்" என்று உண்மையைச் சொன்னார். முதலாளி கல்லாவில் இருந்தவரைப் பார்த்து, "இவரைச் சேர்த்தா நமக்கு ஒரு ரூம் குறையும்" என்று சிரித்தார். இரண்டாவது இடத்தில் தானாகவே விலகியதாகச் சொன்னார். அவர்கள் ஓட்டலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அவர் உட்கார்ந்திருக்கும்போதே விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழு மாதம் இப்படிப் போனது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டுகளின் படுக்கை, துணிமணிகளைப் பார்த்துக்கொள்ள மேற்பார்வையாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பம் டைப் அடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

"டிஸ்மிஸ்னெல்லாம் போடாதீங்க சார்" என்றார் கடைக்காரர். "சொந்தக் காரணங்களால் விலகல். எல்லாரும் அதான் போடுறாங்க. கேட்டா, குடும்பத்துல கொஞ்சம் பிரச்சனைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாரும் தோண்ட மாட்டாங்க."

நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நிர்வாக அதிகாரி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர். இன்னொருவர் தலைமை நர்ஸ். கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருந்தார். எத்தனை அறை, எத்தனை ஆள், ரத்தக்கறை போக என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்த விஷயம், மளமளவென்று சொன்னார். பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும் என்றதும் நர்ஸ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

அதிகாரி தாளைத் திருப்பினார். "பத்தொன்பது வருஷம் ஒரே இடம். அப்புறம் ஏழு மாசமா சும்மா இருக்கீங்க. சொந்தக் காரணம்னா என்ன?"

"குடும்பத்துல கொஞ்சம் பிரச்சனை சார்."

"என்ன பிரச்சனை?"

ஜெராக்ஸ் கடைக்காரர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தரவில்லை. என்ன பிரச்சனை என்று அவரே யோசித்துப் பார்த்தார். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. யாரும் யாரையும் ஒரு சொல் திட்டவில்லை. அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அது பொய் சார்" என்றார் மடிப்பண்ணன். "என்னை வேலையை விட்டு நீக்கிட்டாங்க. காலி ரூம்ல படுத்துத் தூங்கினேன். லெட்டர் இருக்கு."

பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து நடுவில் கிழிய ஆரம்பித்திருந்தது. அதிகாரி படித்துவிட்டு நர்ஸிடம் தள்ளினார்.

"ஒரு நாள் அசதியில தூங்கிட்டீங்க. அப்படித்தானே?" அதிகாரியின் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"ஒரு நாள்னுதான் அவங்களுக்குத் தெரியும் சார். ஒன்பது தடவை."

இந்த எண்ணை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு அது பெரிதாகவும் தெரிந்தது, அற்பமாகவும் தெரிந்தது.

"விரிப்பு மாத்தினீங்களா?" என்று கேட்டார் நர்ஸ்.

"எட்டுத் தடவையும் மாத்தினேன் மேடம். ஒன்பதாவது தடவை நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள வந்துட்டாங்க."

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா என்று தெரியவில்லை.

"இங்க காலிப் படுக்கை நிறைய இருக்கும்" என்றார் அதிகாரி. "இங்கயும் தூங்க மாட்டீங்கன்னு எப்படி நம்புறது?"

"வீட்டுல இன்னும் தூக்கம் வரல சார். அதனால சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மாதிரி தோணுச்சுன்னா நேரா உங்ககிட்ட வந்து சொல்லிடுறேன்."

"அப்பவே அங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் நர்ஸ்.

"யார்கிட்ட மேடம் சொல்றது? என்னன்னு சொல்றது?"

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது ஏழு மாதத்தில் அவருக்குப் பழகியிருந்தது. கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டபோது, வேலை முடிந்து வந்தாச்சா என்று அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். தெரியாத இரண்டு பேரிடம் சொன்ன வாய், நிற்காமல் அப்படியே சொல்லிக்கொண்டு போனது.

"ஏழு மாசமா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப தினமும் இப்பதான் வந்தேன்னு சொன்னது?"

"வேலைக்குன்னு எங்கயும் போகல. சும்மா சொன்னேன்."

"தூக்கம் வரலன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. வான்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

நீயும் வரட்டுமான்னு கேக்கலையே என்பது அவர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"குழந்தை அழுவுது, வச்சிடுறேன்" என்றாள். குழந்தையின் அழுகை அவருக்குக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மேற்பார்வையாளர் வேலை வேறொருவருக்கு. கீழ்த்தளத்தில் துணிக்கிடங்கில் ஆள் வேண்டும், சம்மதமா என்று கேட்டார்கள். மூன்று மாதம் பார்ப்போம் என்றார்கள். வார்டுச் சாவி எதுவும் கையில் தரமாட்டார்கள். அவர் சரி என்றார்.

கிடங்கில் ஜன்னல் இல்லை. சலவையிலிருந்து வரும் விரிப்புகள் வந்து இறங்கும்போது இன்னும் சூடாக இருக்கும். கிழிந்ததைத் தனியே எடுத்து, மற்றதை மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர் தையல் மெஷினில் இருக்கும் அம்மா ஒருவர்தான். காது மந்தம், பேச்சும் குறைவு. விரிப்பு வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்று எண்ணிக்கையைச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார்கள். இங்கே அவருக்குப் பட்டப்பெயர் எதுவும் வைக்கவில்லை. "துணிக்கிடங்கு" என்று இடத்தின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது மாதம் மனைவி வந்தாள். நாலு நாள் இருந்தாள். கட்டிலின் சுவர்ப்பக்கத்துத் துணிக்குவியலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து மடித்து அலமாரியில் வைத்தாள். அந்த நாலு ராத்திரியும் அவர் நன்றாகத் தூங்கினார் என்று சொல்ல ஆசைதான். தூங்கவில்லை. பக்கத்தில் மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. தூங்கினால் அது கேட்காமல் போய்விடுமே என்று விழித்துக் கிடந்தார்.

ஐந்தாம் நாள் காலையில் ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனார். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள், "தூக்கம் வரலன்னா எந்நேரமானாலும் போன் பண்ணுங்க, என்ன" என்றாள். சரி என்றார். ரயில் போன பிறகு நேராக வேலைக்கு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு தடவை அப்படிப் போன் செய்திருக்கிறார். ஒரு தடவை எடுத்தாள்.