அப்பா தலைக்கு ஊற்றிக்கொள்ளாத சாவு

நேற்று கைபேசியில் ஒரு வெள்ளம் வந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. ஓட்டு வீடு ஒன்று சரிந்து மிதந்து போக, யாரோ அதற்குச் சோகப் பாட்டு சேர்த்திருந்தார்கள். வீடு திரையைத் தாண்டுவதற்குள் எங்கள் குடும்பக் குழுவில் பாதிப் பேர் கைகூப்பி முடித்துவிட்டார்கள். இவ்வளவு சுறுசுறுப்பான துக்கத்தை நான் இதற்குமுன் ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்: எழுபதுகளில், நெய்வேலியில், எங்கள் பிளாக்கில்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷன். நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் எப்போது பொங்கலாம் என்று காத்துக்கொண்டிருக்கும். மூன்று ஷிப்டும் இறைத்தால்தான் அது சுரங்கம், இல்லாவிட்டால் ஏரி. தண்ணீரை அடக்கத் தெரிந்தவர் என்று அம்மாவுக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமை தாங்காமலோ என்னவோ, ஓர் ஐப்பசியில் கரூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்துக்குள் அமராவதி புகுந்தது.

ரேடியோவில் ஊர்ப் பெயர் வராதவரை எல்லாரும் பிழைத்திருப்பதாக அம்மா நம்பினாள். ஒருநாள் வந்தது, உச்சரிப்புத் தப்பாக. அப்பா பஸ் ஏறினார். திரும்பும்போது சித்தியை மட்டும் கூட்டி வந்தார். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, மாட்டை அவிழ்த்துவிடப் போயிருக்கிறார். மாடு கரையேறிவிட்டது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பிளாக்கில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் உண்டு. பொங்கலுக்கு வெல்லம் எவ்வளவு என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள். அன்று ஒத்துப்போனார்கள். அண்ணன் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், சித்தி பொட்டை அழிக்க வேண்டும். ஜெனரல் ஷிப்ட் போனவர்கள் வரும்வரை நிறுத்தி வைக்கலாமா என்றுகூட வாசலில் யோசனை நடந்தது.

பக்கத்து வீட்டு ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர், வாளியில் தண்ணீரே கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு செம்பு ஊத்திக்கிடுங்க அண்ணாச்சி. எல்லாரும் நிக்காங்கல்லா."

"எதுக்கு?"

"தம்பிக்குத்தான்."

"என் தம்பி செத்ததை நீங்க பாத்தீங்களா?"

"ஊரே போயிருச்சே அண்ணாச்சி!"

"ஊர் போச்சு. தம்பியைக் காணோம். அவ்வளவுதான்."

எதிர்வீட்டு அம்மாள் சேத்தியாத்தோப்புக்காரர். அவர் என் அம்மாவின் காதில் சொன்னது வாசல்வரை கேட்டது. "அந்தப் பொண்ணு பொட்டு வச்சிகினு உக்காந்துகினு இருக்குது. பாக்க ஒரு மாதிரியா இருக்குதுங்க."

ஊரில் இருந்தால் முதல் ஆளாகப் போய் நின்று அழித்திருக்கக்கூடிய என் அம்மா சொன்னாள்: "உங்க ஜன்னலைச் சாத்திக்குங்க. சரியாப் போயிரும்."

அப்பா அந்த வாளியைத் தூக்கிப்போய்க் கத்தரிச் செடிக்கு ஊற்றினார். பிறகு செகண்ட் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தார்.

சித்தி எங்களோடேயே தங்கிவிட்டாள். தினமும் காலையில் பொட்டு வைத்துக்கொண்டு, அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுப்பாள். நவராத்திரிக்கு அவளுக்குக் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று பிளாக் பெண்கள் வருடாவருடம் கூடினார்கள். போனஸுக்குக்கூட யூனியன் அவ்வளவு கூட்டம் போட்டதில்லை.

நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் சித்தியிடம் கேட்டேன், சித்தப்பா வருவார் என்று நிஜமாகவே நினைக்கிறாயா என்று. உலகம் தெரிந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த வயது. அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"தண்ணியில போனவரு எங்க கண்ணு வரப்போறாரு? உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத."

பல வருடம் கழித்து அப்பா இறந்தார். மறுநாள் காலையிலிருந்து சித்தி பொட்டு வைக்கவில்லை. அதற்குள் நாங்கள் வேறு ஊருக்கு வந்து, அடுக்குமாடி வீடு ஒன்றில் குடியிருந்தோம். ஃபிட்டர் இல்லை, எதிர்வீட்டு அம்மாள் இல்லை. எங்கள் பிளாக்கையே இடித்துவிட்டார்களாம். இங்கே எல்லாருடைய ஜன்னலும் எப்போதும் சாத்தியே இருக்கிறது. சித்தியின் நெற்றி வெறுமையானதை ஒருவரும் கவனிக்கவில்லை.