தடைகாலத்தில் எந்த மீன்?

நஜ்மா வாயைத் திறந்தால் பக்கத்து வார்டு வரைக்கும் கேட்கும். கேளம்பாக்கத்துப் பக்கம் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலையே பேசுவதுதான். டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். எதற்கு இந்த எக்கோ, எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை உள்ளே போய் என்ன செய்யும், வீட்டுக்குப் போனால் எதைத் தின்னலாம் என்று புரியவைப்பாள். முடித்ததும், "இப்ப நீங்க டாக்டரு, நான் பேஷண்டு. எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்பாள். முறுக்கு மீசைக்காரர்கள்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒப்பிப்பார்கள்.

முன்பு அவள் பில் கவுண்டரில் இருந்தவள். "இந்த டெஸ்ட்டு இன்னாத்துக்கும்மா?" என்று யாராவது கேட்டால் போதும், எழுந்து ஓடி டாக்டரிடம் கேட்டு வந்து சொல்வாள். அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். இவள் கவுண்டருக்கு லாயக்கில்லை என்று நிர்வாகமே வார்டுக்குத் தூக்கிப் போட்டது. அன்றைக்கு அவள் வீட்டில் பிரியாணி!

அப்பேர்ப்பட்டவளே இருசப்பன் விஷயத்தில் மண்டை காய்ந்துபோனாள். இருசப்பன் நெம்மேலிக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். இருதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. தை மாதம் சேர்த்தார்கள். நீர் வடிந்து நடந்தே வீட்டுக்குப் போனார். மாசியும் பங்குனியும் நன்றாகத்தான் இருந்தார். சித்திரையில் கால் வீங்கி வந்தார். வடித்து அனுப்பினார்கள். வைகாசியில், நேற்று, மறுபடியும் வந்து சேர்ந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. வாரக்கணக்காக உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்கிறார்.

டாக்டர் ஸ்டான்லி காலையில் அவளைத் தனியே கூப்பிட்டார். "மாத்திரையக் கூட்டியாச்சு. இங்க இருந்தா வடியுது, வீட்டுக்குப் போனா ஏறுது. உப்பு எங்கயாவது போகுதான்னு நீ பாரும்மா. இல்லன்னா சென்னைக்கு அனுப்பறதத் தவிர வழியில்ல."

இருசப்பன் மனைவி வச்சலாவோ அதற்குள் பையைக் கட்டிவிட்டாள். "மெட்ராஸும் வாணாம், ஒண்ணும் வாணாம். மாத்திர துன்னு துன்னுதான் இந்த மனுசன் ஊதிக்கினே போறாரு. எல்லாத்தயும் நிறுத்திட்டு வூட்டுல வச்சிப் பாத்துக்கறேன். சாயந்தரம் ஆட்டோ வருது."

நஜ்மா அந்தப் பையைப் பிடித்து நிறுத்தினாள். மாத்திரையை நிறுத்தினால் அந்த மனிதர் பிழைப்பதே சந்தேகம்.

"யக்கா, கோவிச்சுக்காத. உப்பு?"

"ஒரு கல்லு போடல. கங்கையம்மா மேல சத்தியம். ஊறுகா இல்ல, அப்பளம் இல்ல, கட சாமான் இல்ல. கறி வாணாம், மீனு துன்னலாம்னாரு டாக்டரு. டெய்லி மீனுதான்."

ஒப்பித்ததில் ஒரு பிசகு கிடையாது. கட்டிலில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்த இருசப்பனும் ஆமாம் என்று தலையாட்டினார். நஜ்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வீட்டுக்காரர் நௌஷாத் போன் செய்தார். "மார்க்கெட்ல கீறேன். சங்கராவும் இல்ல, வஞ்சரமும் இல்ல. கீற கொஞ்சமும் ஐஸுல கெடந்தது, ஆன வெல சொல்றான். தடகாலம் முடியிற வரிக்கும் வூட்டுல மீனு பேச்சே வாணாம். கோழி வாங்கிக்கினு வரேன்."

"சரி மச்சா..." என்றவள் அப்படியே நின்றாள். தடைகாலம்! மீன் பிடிக்கக் கூடாதென்று சித்திரை பிறந்ததிலிருந்து விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. அப்படியானால் வச்சலா தினமும் எந்த மீனை ஆக்கினாள்?

"யா அல்லாஹ்!" என்று அவள் போட்ட கூச்சலில் கேன்டீன்காரர் டீயைக் கொட்டிவிட்டார். சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, படிதான்.

"யக்கா! இந்த ரெண்டு மாசமா இன்னா மீனு ஆக்கின?"

"தடகாலத்துல இன்னா மீனு கெடைக்கும்? நெத்திலிதான். நானே கழுவிக் காயப்போட்டது. கடையில வாங்கினா மண்ணு நறநறன்னு கீது."

"கருவாடா?"

"ஆமா. அதுவும் மீனுதான?"

மீன்தான், யார் இல்லை என்றது? அந்தக் குப்பத்தில் வெயிலில் காய்ந்தாலும் மீன் மீன்தான். கேளம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த நஜ்மாவுக்குக் கருவாடு மளிகைக் கடையில் வாங்குகிற வேறொரு சாமான். வாசலிலேயே கடல் இருக்கிறவர்கள் கருவாடா தின்னப்போகிறார்கள் என்று அவள் கேட்காமலே விட்டிருந்தாள்.

"காயப்போடும்போது எவ்ளோ உப்பு போட்டக்கா?"

"உப்பா? நல்லா ரெண்டு கையாலயும் அள்ளி..." வச்சலாவின் கை அந்தரத்திலேயே நின்றது. மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "அடிப்பாவி! நானே என் கையால போட்டுக்கினு இருந்தனா?"

"அய்ய, அழுவாத! மீனு குடுன்னு சொன்னோம், நீ குடுத்த. சந்தோசப்படுக்கா! மாத்திர தண்ணிய வெளிய தள்ளிக்கினுதான் கீது. அந்த உப்புதான் புடிச்சி உள்ள இழுத்திச்சி. இனிமே மாத்திர ஜெயிக்கும் பாரு!" நஜ்மாவுக்குச் சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது.

ஸ்டான்லி கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டார். "சென்னை இப்ப வேண்டாம். ஆஸ்பத்திரி சாப்பாடு, இதே மாத்திரை. சில நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். வச்சலா ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாள். இருசப்பன் மட்டும், "அப்ப நெத்திலி இல்லியா?" என்று கேட்டு அவளிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், நஜ்மா வேறொரு கட்டிலில் பேசிக்கொண்டிருந்தபோது வச்சலாவின் அலறல் கேட்டது. நஜ்மா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள். விழுந்தடித்து ஓடினாள்.

தலையணைகள் கீழே கிடந்தன. இருசப்பன் மல்லாந்து, நீட்டி நிமிர்ந்து, அசையாமல் கிடந்தார். "போயிட்டாரும்மா! சாஞ்சிட்டாரு!" என்று வச்சலா தலையில் அடித்துக்கொண்டாள். நஜ்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இருசப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னாத்துக்குடி கூவுற? எத்தினி நாளு கழிச்சி மனுசன் படுத்துத் தூங்குறான். வுடேன்!"