யோசேப் பெயரில் ஒரு சான்றிதழ்

முஹைதீன் ஹாஜியாரின் கடைத்தொகுதிக்கு மாக்கிறட் முதன்முதல் வந்த நாளில் நடந்த பேச்சு, அங்கே கந்தோரில் கடிதம் எழுதும் அன்ரோனெற்றுக்கு அப்படியே நினைவிருக்கிறது. அது இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, யூன் மாதம்.

"யோசேப் பாஸ் வரேல்லையோ?" என்று, மாக்கிறட் நீட்டிய சான்றிதழைப் பார்த்து ஹாஜியார் கேட்டார்.

"அவர் கடலுக்குப் போட்டார்," என்றார் மாக்கிறட்.

"எப்ப வருவார்?"

"மத்தியானம் வந்திடுவார். ஏன், மீன் வேணுமோ?"

"மீனில்லை, கல்லுப் பதிக்க. இந்தச் சேட்டிபிக்கேட்டில யோசேப் எண்டுதானே கிடக்கு?"

"ஓம். அது நான்."

ஹாஜியார் சான்றிதழை ஒருமுறையும் மாக்கிறட்டை ஒருமுறையும் பார்த்தார். பிறகு அன்ரோனெற்றைப் பார்த்தார். அவள் இரண்டு மொழி படித்தவள் என்பதால், தனக்கு விளங்காத எதையும் அவள் பக்கம் தள்ளிவிடுவது அவர் வழக்கம். அன்ரோனெற் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

"அப்ப கடலுக்குப் போனது ஆர்?"

"அதுவும் யோசேப்தான்," என்றார் மாக்கிறட்.

விடயம் இவ்வளவுதான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிலையம், குடும்பத்துக்கு ஒருவர் என்று தோட்டவெளிக் கிராமத்தில் பெயர் பதிந்தது. இன்ரலொக் கல் பதிக்கும் வேலை, மூன்று மாதப் பயிற்சி. மாக்கிறட்டின் கணவர் யோசேப் பெயர் கொடுத்தார். பயிற்சி தொடங்கிய அன்று காலையில் மீன் பட்டது என்று செய்தி வர, அவர் கடலுக்குப் போய்விட்டார். இடம் வீணாகக் கூடாது என்று மாக்கிறட் போனார். அடுத்த நாளும் மீன் பட்டது. மூன்று மாதமும் வரவு இடாப்பில் யோசேப் என்று கூப்பிட்டபோதெல்லாம் மாக்கிறட் கையை உயர்த்தினார். பயிற்றுநர் தமிழ் தெரியாதவர். அது இந்தப் பக்கத்துப் பெண்களின் பெயர் என்று நினைத்திருக்கக் கூடும். கடைசி நாளில் பெயரை மாற்றிக் கேட்டபோது, சான்றிதழ்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன என்றார்கள்.

அதன் பிறகு மாக்கிறட் ஊர் வீடுகளின் முற்றங்களுக்கும் ஒரு பாலர் பாடசாலை வாசலுக்கும் கல் பதித்தார். பெயரை மாற்றச் சொல்லி மூன்று தடவை நிலையத்துக்குப் போனார். மூன்றாம் தடவை ஒரு வழி சொன்னார்கள். ஒரு வியாபாரக் கட்டடத்தின் முன்றல் முழுவதையும் பதித்து, அதை ஏற்றுக்கொண்ட பொறியியலாளரிடம் மாக்கிறட் என்ற பெயரில் ஒரு கடிதம் வாங்கி வந்தால் புதிய சான்றிதழ் தருவார்களாம். ஹாஜியாரிடம் வந்தது அதற்காகத்தான். அதையும் மாக்கிறட் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஹாஜியாருக்கும் ஆள் தேவைப்பட்டது. மன்னார்த் தீவில் உப்புக்குளம் என்ற இடத்தில் அவர் கட்டிய மூன்று மாடிக்கு முன்னால் இருந்தது வெறும் மணல். கோடையில் மோட்டார் சைக்கிள்களின் ஸ்ராண்ட் புதைந்து வரிசையாக விழும். மாரியில் அது குளம். ஒரு தடவை கொழும்பிலிருந்து புல் வரவழைத்துப் பதித்தார். இரண்டு இரவில் தெருக் கழுதைகள் அதைத் தின்று முடித்தன. மூன்றாம் இரவும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின. இப்போது கீழ்மாடியை வாடகைக்குக் கேட்ட ஒரு சூப்பர் மார்க்கெட் கொம்பனி, வாகனம் நிற்கக் கல் பதித்த முன்றல் வேண்டும் என்றது. அதைப் பார்த்து ஏற்க அவர்களுடைய பொறியியலாளர் வருவார்.

மாக்கிறட்டின் வேலைமுறையில் அன்ரோனெற் கவனித்தது ஒன்றைத்தான். கல்லுக்குக் கீழே விரிக்கும் மணல் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும், அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஆற்று மணல் என்றால் துப்பிவிட்டுத் தலையாட்டுவார். கடல் மணல் கலந்திருந்தால் துப்பிவிட்டுத் திருப்பி அனுப்புவார். உப்பு இருந்தால் அது கல்லுக்குள் ஏறி மேலே வெள்ளையாகப் பூக்கும். கல்யாணம் செய்த நாளிலிருந்து கருவாடு போட்ட கையும் நாக்கும் என்பதால் அவரை ஏமாற்ற முடியாது.

"அக்கா, கொஞ்சம் சோறும் கறியும் கொண்டரட்டோ?" என்று கேட்பான், பெருநிலப் பக்கத்து நறுவிலிக்குளத்திலிருந்து ஆற்று மணல் ஏற்றி வரும் சிவக்கொழுந்து.

"உன்ர மண்ணுக்குக் கறி தேவையில்லை. உப்புக் குறைவாக் கொண்டா, அது காணும்."

ஓகஸ்ட் மாதம் மடு மாதா திருவிழா வந்தது. மாக்கிறட் மூன்று நாள் மடுவுக்குப் புறப்பட்டார். போகுமுன் அன்ரோனெற்றிடம், "பிள்ளை, ஒரு லோட் வரக் கிடக்கு. வாயில வைச்சுப் பாத்திட்டு இறக்கச் சொல்லுங்கோ," என்றார்.

லோட் வந்தது. கடையின் விற்பனைப் பையன்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். சிவக்கொழுந்து பெட்டியில் சாய்ந்துகொண்டு, "மிஸ், நீங்களுமோ?" என்றான். அன்ரோனெற் லோட் வந்த துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மாக்கிறட் திரும்பி வந்து கேட்டார். "வாயில வைச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம்," என்றாள் அன்ரோனெற்.

மாக்கிறட் வேறொன்றும் கேட்காமல் அந்த மணலை விரித்தார். கிழக்கு மூலையில் கல் பதிந்தது.

செப்டம்பரில் ஒரு சிறு மழை பெய்து, வெயில் எறித்தது. கிழக்கு மூலை வெள்ளையாகப் பூத்தது. கழுவினார்கள். இரண்டு நாளில் திரும்பவும் பூத்தது. மாக்கிறட் அந்தக் கற்களின் முன் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். கல் செய்த இடத்தில் பிழையாக இருக்கும் என்று கடைசியில் சொன்னார். அன்ரோனெற் கந்தோருக்குள் இருந்தாள். அந்த வாரம் அவள் தட்டச்சுச் செய்த கடிதங்கள் எல்லாவற்றிலும் பிழை இருந்தது.

பொறியியலாளர் வந்தார். அவருக்கு ஆங்கிலமும் சிங்களமும்தான். வாளியால் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் எங்கும் தேங்காமல் வீதியோர வடிகானுக்கு ஓடியது. தலையாட்டினார். பிறகு கிழக்கு மூலையைப் பார்த்தார். குனிந்து விரலால் தொட்டார். கடல் மணல் போட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரோனெற் அதைத் தமிழில் சொன்னாள்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ, பிள்ளை," என்றார் மாக்கிறட். "வந்த ஒவ்வொரு லோட்டும் வாயில வைச்சுப் பாத்தது. நான் இல்லாத அண்டைக்கு இந்தப் பிள்ளை பாத்தது."

பொறியியலாளர் பதிலுக்குக் காத்திருந்தார். ஹாஜியாரும் காத்திருந்தார். அன்ரோனெற் மாக்கிறட் சொன்னதை மொழிபெயர்க்கவில்லை. அந்த லோட்டை இறக்குவித்தது தான் என்றும், சோதிக்கவில்லை என்றும், சோதித்ததாகப் பொய் சொன்னது தான் என்றும், வேலை செய்தவர் மேல் பிழையில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அதையே மாக்கிறட்டைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். தமிழில் சொல்லக் கூடுதல் நேரம் எடுத்தது.

மாக்கிறட் அவளிடம் கேட்டார்:

"ஏன் வைக்கேல்லை?"

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. வெக்கமாயிருந்தது."

"மண்ணுக்கோ வெக்கம்?" என்றார் மாக்கிறட். பிறகு ஹாஜியாரிடம் திரும்பினார். "ஹாஜியார், கிழக்கு மூலையைக் கிளப்புவம்."

ஒரு கிழமையில் திரும்பி வருவேன், அந்த மூலை சரியென்றால் கடிதம் தருவேன் என்று பொறியியலாளர் சொல்லிவிட்டுப் போனார்.

சிவக்கொழுந்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் ஒளிக்கவில்லை. வழியில் பெட்டியின் பின்பலகை திறந்து பாதி மணல் கொட்டிவிட்டதாம். தீவுக்குள் வந்ததும் நின்ற இடத்திலேயே கடற்கரை மணலை மண்வெட்டியால் அள்ளி நிரப்பிக்கொண்டானாம். மன்னாரில் மணல் குறைந்துவிட்டது என்று ஒருவரும் திரும்பிப் போவதில்லை.

புதிய லோட்டை அவனே கொண்டுவந்தான். அதே விற்பனைப் பையன்கள் வாசலில் நின்றார்கள். மாக்கிறட் மணலுக்குப் பக்கத்தில் நின்றார், ஆனால் கையை வைக்கவில்லை. அன்ரோனெற் கந்தோரிலிருந்து இறங்கி வந்து, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தாள்.

"உப்போ?" என்றார் மாக்கிறட்.

"இல்லை."

"அடியிலயும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ."

பார்த்தாள். சிவக்கொழுந்து இந்தத் தடவை சோறு பற்றி எதுவும் பேசவில்லை.

மூலையைக் கிளப்பி, பழைய மணலை வாரி, திரும்பப் பதிக்க நான்கு நாள் எடுத்தது. பொறியியலாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தில் பெயர் மாக்கிறட் என்று இருந்தது. மாக்கிறட் அந்தப் பெயரை இரண்டு தடவை வாசித்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, கடிதத்தை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்றிரவு கழுதைகள் வந்தன. தின்ன ஒன்றுமில்லை. கல் சூடாக இருந்தபடியால் படுத்துக்கொண்டன.

டிசம்பரில் புதிய சான்றிதழ் தபாலில் வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது: பழைய சான்றிதழை உடனே நிலையத்துக்குத் திருப்பி அனுப்பவும். மாக்கிறட் அந்தத் துண்டோடு கந்தோருக்கு வந்து, அன்ரோனெற்றுக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. தமிழிலயும் எழுதுங்கோ, இங்கிலீஷிலயும் எழுதுங்கோ. ஒண்டில விளங்காட்டி மற்றதில விளங்கட்டும்."

"என்னெண்டு எழுத, அக்கா?"

"பழசைத் திருப்பிக் கேக்க வேண்டாமெண்டு. நாலு வருசமா எங்கட வீட்டில திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில கொழுவியிருக்கு. என்ர மனுசனுக்கு வேற சேட்டிபிக்கேட் இல்லை."