பழைய கார்ட் வாங்கப் போன இடத்தில்

முதன்முதலாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பூட்டுகிறேன். மற்றச் சாமான்களை வவுனியாவில் புதிதாக வாங்கிவிட்டேன். கிராபிக்ஸ் கார்ட் மட்டும் விலை கட்டுப்படியாகவில்லை.

அதனால் பேஸ்புக்கில் பார்த்த பழைய கார்ட் ஒன்றுக்காக இன்று உடையார்கட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன்.

விற்றவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு கேமைப் போட்டுக் காட்டினார். தடங்கல் இல்லாமல் ஓடியது.

"நல்லாத்தானே கிடக்கு, ஏன் விக்கிறியள்?" என்று கேட்டேன்.

"வெளிநாடு போறன். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை" என்றார் மெதுவாக.

அவர் கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா தேத்தண்ணியோடு வந்தார். கம்ப்யூட்டர் பழுது என்று மகன் அவரிடம் சொல்லி வைத்திருந்தது அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்கு விளங்கியது.

"தம்பி, திருத்தவோ கொண்டு போறியள்? கெதியாக் கொண்டு வாங்கோ. இது இருந்தாத்தான் இவன் வீட்டில நிப்பான்."

மகன் தலையை நிமிர்த்தவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாற கிழமை கொண்டு வாறன், அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். படலைவரை வந்த மகன், "குறை நினையாதேங்கோ" என்றார்.

கார்ட் இப்போது என் மேசையில் கிடக்கிறது. பூட்ட மனம் வரவில்லை. வருகிற கிழமை அந்த அம்மா நான் கார்டோடு வருவேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள். கார்ட் எப்படி ஓடுகிறது என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.