மடை அடைக்கப் போகாத நூர்மத்

"ஆட்டத்தை வித்துட்டானா? யாருக்கு வித்தான்? வாங்கினவன் பேரைச் சொல்லு பாப்போம்!"

மாவு ஒட்டிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு முகர்ரம் கேட்டாள். தந்தூர் அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் ரொட்டிக்காகக் காத்திருந்தார்கள். எதிர்வீட்டு ஸுல்ஃபியா முனகினாள். "ஊரே சொல்லுது. நான் என்ன புதுசாவா சொல்லிட்டேன்?"

"ஊரு சொல்லும். அன்னிக்கு விடியக்காலை என் வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து ரெண்டு தட்டு புலாவ் தின்னாரே உன் வீட்டுக்காரர், அவரு என்ன சொல்றாரு?"

ஸுல்ஃபியா அடுப்பைக் குனிந்து பார்த்தாள்.

முகர்ரம் கேட்டதில் என்ன தப்பு? அவள் புருஷன் நூர்மத் கோக்தெரக் ஊர்க் கால்பந்து மைதானத்தை இருபத்திரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவன். புல் வெட்டுவது, கோடு போடுவது, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளில் மடையைத் திறந்து மைதானத்துக்குப் பாய்ச்சுவது, எல்லாம் அவன்தான். அப்படிப்பட்டவனா காசு வாங்கிக்கொண்டு மைதானத்தைச் சேறாக்குவான்? பேசுகிற வாய் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அந்த வருஷம்தான் ஊர் டீம் பதினாறு வருஷம் கழித்து மேல் லீக்கில் ஏறியிருந்தது. மார்ச்சில் லீக் தொடங்கியதிலிருந்து நூர்மத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைநகரத்து டீம்கள் பெரிய பஸ்ஸில் வந்து இறங்கி அவன் வளர்த்த புல்லில் கால் வைக்கும்போது இவன் கேட்டைத் தாண்டி வெளியே போய்விடுவான். ஒரு ஆட்டத்தையாவது உட்கார்ந்து பார்த்தானா? இல்லை. மதிலுக்கு வெளியே வாய்க்கால் கரையில் மேற்கும் கிழக்குமாக நடப்பான். உள்ளே எழும் சத்தத்தை வைத்தே நம் கோலா, அவர்கள் கோலா என்று சொல்லிவிடுவான். வீட்டிலும் அப்படித்தான். சூப் ஆறிக்கொண்டிருக்கும், இவன் முற்றத்தில் நடந்துகொண்டிருப்பான்.

"ஆடுறவன்லாம் நல்லாத் தூங்குறான். நீங்க ஏன் இப்பிடி அலையுறீங்க?" என்பாள் முகர்ரம்.

"அவனுக்கு என்னடி, தோத்தா வேற டீமுக்குப் போயிருவான். மைதானம் எங்க போகும்?"

கோடை முழுக்கத் தோற்றார்கள். இலையுதிர் காலத்தில் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். சமன் செய்தால் போதும், மேல் லீக்கிலேயே இருக்கலாம். மழை இல்லாமல் தரை வெடித்துக் கிடந்தது. ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. தண்ணீர் முறையும் அன்று விடியற்காலையில்தான் வந்தது; விட்டால் அடுத்த முறைக்கு இன்னும் ஒன்பது நாள். ஒரு மணி நேரம் பாய்ந்தால் மூன்று மணிக்குள் தரை குடித்துவிடும் என்று கணக்குப் போட்டு மடையைத் திறந்துவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனான். தெருவில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு விடியற்காலைப் புலாவ் விருந்து வைத்தால் ஆண் பிள்ளை போகாமல் இருக்க முடியுமா?

சாப்பாடு அரை மணியில் முடிந்தது. பந்தியை முடித்துவைக்க வேண்டியது காபில் ஹாஜிதான். அங்கே மூத்தவர் அவர். அவர் கையேந்தி துஆ என்கிற பிரார்த்தனையை ஓதாமல் யாரும் எழ முடியாது. எழுந்தால் விருந்து வைத்தவனை முகத்தில் அடித்த மாதிரி.

ஹாஜி கையேந்தவில்லை. நூர்மத்தைப் பார்த்துவிட்டார்.

"டேய் நூர்மத், இன்னிக்கு டிரா போதும்ல?"

"போதும் பெரியவரே."

"அந்த டீம்ல ஒரு நெட்டையன் இருக்கானே, அவனை விட்டா கெட்டோம். நாங்க ஆடுன காலத்துல இப்பிடித்தான் ஒருத்தன் வந்தான் பாரு..."

"ஒட்டகம் மாதிரி இருந்தான்னு சொல்வீங்களே, அவனா?" என்றார் ஸுல்ஃபியாவின் புருஷன், இன்னொரு கோப்பைத் தேநீரை ஊற்றிக்கொண்டு.

"அவனேதான்!"

அவ்வளவுதான். ஹாஜி தன் இருபதாவது வயதுக்குப் போய்விட்டார். கல்யாண வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்து, தேநீர்க் கெண்டியோடு கதவோரம் நின்ற முகர்ரம் தன் புருஷனைப் பார்த்தாள். சம்மணமிட்டபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் சாவியைப் பிசைந்தது. ஒரு முறை எழப் பார்த்தான். பக்கத்திலிருந்தவர்கள் "இருப்பா, கோலைச் சொல்லட்டும்" என்று தோளை அமுக்கினார்கள். ஹாஜி கையேந்தும்போது சூரியன் முற்றத்துக்கு வந்துவிட்டது.

நூர்மத் ஓடினான். வடக்குக் கோலுக்கு முன்னால் கணுக்கால் அளவு தண்ணீர். வாளியால் இறைத்தான், மணல் கொட்டினான், வைக்கோல் போட்டான். ஆடலாம் என்று நடுவர் சொல்லிவிட்டார். எண்பதாவது நிமிஷத்தில் நம் ஆள் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்து பாதி வழியில் சேற்றில் நின்றுவிட்டது. நெட்டையன் ஓடிவந்து அதை வலைக்குள் தட்டினான். அன்று மதிலுக்கு வெளியே நடந்தவனுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதிலேயே புரிந்துகொண்டான்.

மடை ஏன் அடைக்கவில்லை என்று கிளப்காரர்கள் கேட்டார்கள். "தூங்கிட்டேன்" என்றான். ஹாஜி ஓதத் தாமதமானதால் தோற்றோம் என்று அவன் வாயால் வருமா? வேலை போனது. தூங்கினான் என்பது ஒரே வாரத்தில் விற்றான் என்று ஆனது. பந்தியில் உட்கார்ந்த நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் பொறுத்த முகர்ரம்தான் அன்று தந்தூர் அடுப்பங்கரையில் ஹாஜி கதை உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

மறுநாளே ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. தேநீர்க் கடையில் ஹாஜி நுழைந்தாலே, "பெரியவரே, சீக்கிரம் ஓதிருங்க, தண்ணி நிரம்புது" என்று சிரித்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஹாஜி கடைக்கு வரவில்லை. தொழுகைக்கும் வரவில்லை.

ஆட்டத்தை விற்றவன் என்று சொன்னபோது தலை நிமிர்ந்து நடந்த நூர்மத்தால் இதைத் தாங்க முடியவில்லை. ஹாஜி வீட்டுக்கு இரண்டு முறை போனான், கதவு திறக்கவில்லை. மலைக் கணவாய்க்கு அப்பால் ஒரு ஊரில் மைதானத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டு, மார்ச் பிறக்கும் முன்பே துணியை மூட்டை கட்டினான்.

"நான் சொன்னது தப்பா?" என்றாள் முகர்ரம்.

"தப்பில்ல. சொல்லியிருக்க வேணாம்."

"நாளைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்."

"தெரியும்டி."

பயணம் போகிறவன் கடித்து வைக்க வேண்டிய ரொட்டியை அவள் நீட்டினாள். ஒரு கடி கடித்தான். மீதியை, அவன் திரும்பி வந்து தின்பதற்காக, சுவர் ஆணியில் மாட்டினாள். நூர்மத் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினான். பஸ் நிற்கிற இடத்துக்கு ஹாஜி வீட்டுத் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அவன் வாய்க்கால் கரையோடு சுற்றிப் போனான்.