அவர் ஏற்கெனவே பார்த்த ஆறு

என் கணவர் முதன்முதலாக மோசெல் ஆற்றில் படகில் போய்விட்டு வந்தபோது எங்கள் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. ஜெர்மனியில் ஷூ வாங்குகிற பையர்களுக்கு சாம்பிள் காட்டுவதற்காக வருஷா வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவரை அனுப்புவார்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர்க்காரர்கள் அவரை ரயிலில் அழைத்துப் போய், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஓடும் அந்த ஆற்றில் ஒரு மணி நேரம் படகில் உட்காரவைப்பார்கள். அவர்கள் ஒயின் குடிப்பார்கள். இவர் குடிக்கமாட்டார் என்பதால் திராட்சை ஜூஸ் வாங்கிக் கொடுப்பார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு அந்த ஆறு வரும். மலை முழுக்க வரிசை வரிசையாகக் கொடி நட்டிருப்பது, மலைச் சரிவில் தோட்டத்தின் பெயரை ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருப்பது, கறுப்புக் கல் கூரை போட்ட தேவாலயம், எல்லாம் சொல்வார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது லாக் என்று அவர் சொல்கிற இடம்தான். ஆற்றின் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்குப் படகு ஏறவேண்டும். அதற்காக ஒரு பெரிய தொட்டி கட்டி, இரண்டு பக்கமும் கதவு வைத்திருக்கிறார்கள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடிவிடுவார்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஏற ஏற, படகும் ஆட்களோடு மேலே ஏறும். சுவர் கீழே இறங்குவதுபோல் இருக்குமாம். அப்புறம் முன்கதவு திறக்கும்.

நான் எங்கள் வீடு இருக்கிற சத்துவாச்சாரியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கன அளவு நடத்தும்போது இந்தத் தொட்டியை போர்டில் வரைந்து கணக்கு போடச் சொல்வேன். ஒரு தடவை ஒரு பெண் எழுந்து, "மிஸ், நீங்க அதுல போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நான் போனதில்ல. எங்க வீட்ல போயிருக்காங்க," என்றேன். வகுப்பே சிரித்தது.

"அடுத்த வருஷம் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்," என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒப்புக்குச் சொன்னது இல்லை. எனக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் அவருக்கு ஏப்ரல் என்றால் ஜெர்மனி, எனக்கு ஏப்ரல் என்றால் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை. லீவு கேட்கவே முடியாது. ஒரு வருஷம் விசா வரைக்கும் வந்தது, ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அவர் ரிட்டயர் ஆன பிறகு, எனக்கும் வேலை முடிந்த பிறகு, ஜெர்மனியில் வேலை பார்க்கிற மகள் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினாள். அது அக்டோபர் மாதம்.

படகுக்குப் போகிற நாளில் மகளுக்கு ஆபீஸில் ஏதோ மீட்டிங். "நான் வரலைன்னா உங்களால போக முடியுமாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாத ஊரா?" என்றார் அவர். அன்றைக்குக் காலையில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. என் ஷூ லேஸைக் குனிந்து அவரே இறுக்கிக் கட்டிவிட்டார். முழங்கால் வலிக்காரர், எழுந்துகொள்ளக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

படகில் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். வெயில் இருந்தது, ஆனால் காற்று ஜில்லென்று வீசியது. எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி. அந்த மனிதரின் ஷூவையே இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதில், "நம்ம பக்கத்துத் தையல்தான்," என்றார். படகு கிளம்பியது.

"இப்ப பாரு. வலது பக்கம் ஒரு சர்ச் வரும். கூர கறுப்பா இருக்கும்."

வந்தது.

"நான் சொன்னேன்ல? இப்ப ஒரு வளைவு திரும்பும். திரும்புனதும் அந்தப் பெரிய எழுத்து."

திரும்பியது. எழுத்தும் இருந்தது.

"அடுத்து இன்னா தெரியுமா? கரையில வரிசையா வேன் நிக்கும். வேன்லயே குடும்பம் நடத்துவாங்க."

வேன்களும் நின்றன. ஒரு வேன் வாசலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் "ஆமாங்க," "ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் விரலை நீட்டியதும் என் கண் அங்கே போய்விடும். அவர் சொன்னது சரியா என்று பார்க்குமே தவிர வேறு எதையும் பார்க்காது. பரீட்சைக்கு முன்னாலேயே விடையைத் தெரிந்துகொண்டுவிட்ட பிள்ளைபோல இருந்தேன். அவர்மேல் கோபம் ஒன்றும் வரவில்லை. எத்தனை வருஷமாக எனக்காகச் சேர்த்து வைத்தாரோ, அத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் என் மடியில் கொட்டிவிடப் பார்த்தார்.

ஒன்றே ஒன்றுதான் அவர் சொன்னதுபோல் இல்லை. "இந்த மலையெல்லாம் மொட்டையா இருக்கும், வெறும் குச்சிதான் நிக்கும்," என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் வந்ததெல்லாம் ஏப்ரலில். இப்போது மலை முழுக்க இலை மஞ்சளாகி, அடியில் குலை குலையாகத் திராட்சை தொங்கியது. ஆட்கள் முதுகில் கூடை கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் லாக் வந்தது.

படகு மெல்ல அந்தத் தொட்டிக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஈரச் சுவர் எங்கள் தலைக்கு மேலே நின்றது. வெயில் மறைந்து நிழலானது. பின்னால் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. நான் போர்டில் வரைந்த தொட்டிக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

"இந்தாம்மா, இங்க வா. இங்கதான் நிக்கணும்," என்று கூப்பிட்டார். படகின் முன்பக்க மூலையில் ஒரு மஞ்சள் கம்பி இருந்தது. "அந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டு இப்படித் திரும்பு. என்னப் பாரு."

நான் திரும்பி நின்றேன். அவர் போனைத் தூக்கினார், இறக்கினார். "இன்னா பேஜாரு இது. மெமரி ஃபுல்லுன்னு வருது. அப்படியே இரு, அசையாத."

காலை வணக்கம் சொல்லி யார் யாரோ அனுப்பிய பூப் படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். என் காலுக்கடியில் லேசாக ஒரு அசைவு தெரிந்தது. திரும்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். "ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்," என்றார். நான் சிரித்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆங், இப்ப," என்று எடுத்தார். சரியாக இல்லை என்று இன்னொன்று எடுத்தார். அவர் முகத்தில் வெயில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பினேன். சுவரைக் காணோம். தண்ணீர் மேலே வந்துவிட்டிருந்தது, முன்கதவு திறந்துகொண்டிருந்தது, அந்தப் பக்கம் ஆறு அகலமாக, அமைதியாகக் கிடந்தது.

அவர் வந்து போட்டோவைக் காட்டினார். "இதே கம்பிகிட்ட நின்னுதான் வருஷா வருஷம் நான் போட்டோ எடுத்துக்கறது. எடுக்கறவன் நடுவுல வந்து நில்லுங்கம்பான். நான் ஓரமாத்தான் நிப்பேன். பக்கத்துல உனக்கு எடம் இருக்கட்டும்னு."

அதைக் கேட்ட பிறகு நான் எதைச் சொல்வது? "நல்லா இருக்குங்க," என்றேன். திரும்பி வரும்போது இதே வழியாகத்தான் இறங்கவேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

படகு ஒரு சின்ன ஊரில் எங்களை இறக்கிவிட்டது. அங்கே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வர ஏற்பாடு. ஆனால் நாங்கள் இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் படகில் வேலை செய்கிற பெண் வந்து எல்லோரிடமும் ஏதோ சொன்னாள். எங்களுக்காக இங்கிலீஷில் இன்னொரு முறை சொன்னாள். லாக்கில் ஒரு கதவு கோளாறாம், இன்றைக்குச் சரியாகாதாம், எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போவார்களாம். பஸ் வர நேரமாகும், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்றாள்.

"இந்த மாதிரி ஒரு தடவகூட ஆனதில்லையே," என்றார் அவர். அவருக்கு அது பஸ் விஷயம், அவ்வளவுதான்.

திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே மலைமேல் ஏறிப் போக ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. மேலே இடிந்த கோட்டை தெரிந்தது. படகில் வந்த பெண்கள் சிலர் ஏறினார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அங்க நான் போனதே இல்ல. கூட்டிட்டு வந்தவங்க சாப்பாட்டுக்கு ஒக்காந்துடுவாங்க," என்றார். ரெண்டு பேரும் நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரத்திலேயே அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய்ட்டு வா."

"வேணாங்க. நானும் இங்கயே ஒக்கார்றேன்."

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் ஒக்காரணும்? போய்ட்டு வா. நான் இங்கதான் இருக்கேன்."

போனேன். சிலேட்டுக் கல் காலில் சறுக்கியது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது ஆறு குதிரை லாடம்போல வளைந்து போவது முழுசாகத் தெரிந்தது. யாரும் எனக்குச் சொல்லி வைக்காத இடம் அது. எங்கிருந்தோ பறவைகளை விரட்டப் பட்டாசு வெடிப்பதுபோல ஒரு சத்தம். அறுவடையில் இருந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் என் புடவையைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் ஒரு குலையைக் கத்தரித்து என் கையில் வைத்தாள். நல்ல நிமிஷங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, அவர் இங்கே இல்லையே என்பதும் கூடவே வந்தது. கீழே கல்லின்மேல் அவருடைய பழுப்பு நிற ஜாக்கெட் சின்னதாகத் தெரிந்தது.

கைக்குட்டையில் திராட்சையைப் பொதிந்துகொண்டு இறங்கி வந்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நம்ம ஊர் மார்க்கெட்டில் கிடைப்பதுபோல இல்லை. சின்னது, தோல் தடிமன், கொட்டை வேறு. ஆனால் தேன்போல ஒரு இனிப்பு.

"இத்தன வருஷம் வந்தும் இத ஒரு தடவ தின்னதில்ல பாரு," என்றார். அப்புறம் கேட்டார், "மேல இன்னா தெரிஞ்சது?"

"ஆறு அப்படியே வளைஞ்சு..." என்று கையால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் "ஓகோ," "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டார். அவர் கண் என் கையைத் தாண்டி மலையைப் பார்த்தது, பார்த்துவிட்டு மறுபடி என் முகத்துக்கு வந்தது. அந்த மரியாதையான முகத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. சத்துவாச்சாரியில் சாப்பாட்டு மேசையில் இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நீட்டிய கையை இறக்கிக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"அவ்ளோதாங்க. பெரிசா ஒண்ணுமில்ல," என்றேன்.

பஸ் ஆற்றோரமாகவே போனது. அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த லாக்கை ரோட்டிலிருந்து பார்க்க முடியும் என்று நினைத்து ஜன்னல் பக்கமே கண்ணை வைத்திருந்தேன். நடுவில் மரங்கள் வந்தன, ஒரு கட்டடம் வந்தது, அதற்குள் தாண்டிவிட்டோம்.

ஊருக்கு வந்த மறு வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். முழங்காலும் மோசமானது. தூரத்து விமானப் பயணமெல்லாம் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது காலையில் தெரு முனை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார்.

போன மாசம் மகள் வீடியோவில் பேசும்போது, "அம்மா, நீயாவது வாயேன். இந்த தடவ நான் லீவு போட்டுட்டு உன்ன அந்தப் படகுல கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

அவர் முந்திக்கொண்டார். "கூட்டிட்டுப் போம்மா. நான்தான் பாத்தாச்சே."

நான் வேண்டாம் என்றேன். போனை வைத்த பிறகு, "ஏன் வேணாம்ன?" என்று கேட்டார். மழுப்பினேன். விடவில்லை. கடைசியில் லாக்கில் நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் ஏறுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் ஆசைப்பட்டு வந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தா நான் போட்டோ எடுத்திருக்க மாட்டேனே," என்றார்.

"அதனாலதான் சொல்லல."

"மொதல் தடவ போனப்ப அந்தத் தண்ணி ஏறுச்சு பாரு, யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. கூட வந்தவன் போன்ல பேசிட்டிருந்தான். சரி, வீட்டுக்குப் போய் உன்கிட்ட சொல்லிக்கலாம்னு ஒவ்வொண்ணா மனசுல போட்டு வெச்சுக்கிட்டேன். அதுவே பழக்கமாப் போச்சு." கொஞ்சம் பொறுத்து, "நீ போய்ட்டு வா. நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு," என்றார்.

எனக்கு அதுதான் முடியாது. அந்தத் தொட்டிக்குள் நின்று, தண்ணீர் ஏறுவதைக் கண் நிறையப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சொல்லவேண்டும். அவர் அன்றைக்குக் கல்லில் உட்கார்ந்து கேட்ட அதே மரியாதையான முகத்தோடு "ஓகோ" என்று கேட்டுக்கொள்வார். நல்ல மனுஷர், ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வார். மகளிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவளும் அப்புறம் கேட்கவில்லை.